சைபீரியன் குட்டியைக் "கோல்டன்" நிறம் என்று தந்திருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பாளை வரிப்பூனை (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு சைபீரியன் பூனைக்குட்டி வந்திருக்கிறது. பெட்டை, மூன்று மாதம் ஆகிறது. வெளியூரில் வளர்ப்பவர் ஒருவரிடம் வாங்கினோம். இது "கோல்டன்", அரிதான நிறம் என்று சொல்லி, நிறத்துக்கென்றே தனியாகக் காசு வாங்கியிருக்கிறார். ஆனால் பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தை சாம்பல் பூனை என்கிறார். எதிர்வீட்டு அண்ணாச்சி, இது நம்ம ஊர் வரிப்பூனைதானே என்கிறார்.

முதுகு கருப்பும் சாம்பலும் கலந்து கிடக்கிறது. மூக்கின் மேலும் முதுகிலும் லேசாகப் பழுப்பு ஓடுகிறது. கால்களில் கோடு நன்றாகத் தெரிகிறது. கழுத்துக்குக் கீழும் நான்கு பாதங்களும் வெள்ளை. அப்பாவின் படத்தில் பழுப்பில் கருப்பு வரி. அம்மா சாம்பல் மாதிரி இருக்கிறது. பதிவுச் சான்றிதழுக்கு நிறம் எழுதி அனுப்ப வேண்டும், என்ன எழுதுவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இந்த நிறம் வெளுத்துப்போகும் என்கிறார்கள். அப்படியா?

வண்ணார்பேட்டை வாசி

படம் போடுங்கள் அக்கா. ட்யூப்லைட் வெளிச்சத்தில் வேண்டாம், அதில் எல்லா நிறமும் மாறித் தெரியும். காலையில் தார்சாவில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து எடுங்கள்.

குறுக்குத்துறை

படம் வரட்டும். அதற்குள் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்குக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பூனையின் நிறம் வேறு, அதன் மேல் இருக்கும் கோலம் வேறு, வெள்ளைத் திட்டு வேறு. மூன்றையும் தனித்தனி மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. "சாம்பல் பூனை", "வரிப்பூனை" என்று அத்தையும் அண்ணாச்சியும் சொன்னதில் சண்டையே இல்லை. ஒருவர் நிறத்தைச் சொல்கிறார், மற்றவர் கோலத்தைச் சொல்கிறார்.

பூனை முடியில் நிறமி இரண்டே வகைதான். ஒன்று கருப்பு, இன்னொன்று செம்மஞ்சள். கடையில் சொல்லும் ப்ளூ, க்ரீம் எல்லாம் இந்த இரண்டும் நீர்த்துப்போன வடிவங்கள். கருப்பு நீர்த்தால் சாம்பல் நீலம், சிவப்பு நீர்த்தால் க்ரீம். நீர்க்கச் செய்யும் மரபணு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். அதனால்தான் கருப்பு வரிப்பூனைகளுக்குள் திடீரென்று ஒரு ப்ளூ குட்டி பிறக்கிறது. யாரும் ஏமாற்றியதாக அர்த்தம் இல்லை.

அடுத்தது வரி. முதுகில் ஒரே ஒரு முடியைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வரிப்பூனை என்றால் கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் இருக்கும் முடி ஒரே நிறமாக இருக்காது. நுனி கருப்பு, அப்புறம் ஒரு மஞ்சள் பட்டை, அடியில் மறுபடியும் கருமை என்று மாறி மாறி வரும். கோட்டின் மேல் இருக்கும் முடி பெரும்பாலும் முழுக்கக் கருப்பு. நெற்றியில் 'எம்' எழுத்து மாதிரி குறி, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கோடு, மூக்கைச் சுற்றிக் கருப்பு விளிம்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம், டேபிதான், அதாவது வரிப்பூனை.

உங்கள் கேள்விக்கு நேரடியான சோதனை முடியின் வேரில் இருக்கிறது. கழுத்தோரம் முடியை விரலால் பிரித்து, தோலை ஒட்டிய இடம் என்ன நிறம் என்று பாருங்கள். கரும்சாம்பலாக இருந்தால் சாதாரண பிரவுன் டேபி. வெள்ளையாக இருந்தால் சில்வர். வேரிலிருந்தே பொன்மஞ்சளாக, சாம்பலே இல்லாமல் இருந்தால் மட்டும் கோல்டன் என்று பேசலாம்.

மேலப்பாளையம் ஆரஞ்சு

அண்ணே, எங்கள் வீட்டில் முக்கலர்ப் பூனை ஒன்று குட்டி போட்டிருக்கிறது. நாட்டுப்பூனைதான். செவலையாகப் பிறந்தது இரண்டும் கடுவன். செவலை என்றாலே கடுவன், முக்கலர் என்றாலே பெட்டை என்று வாப்பா சொல்கிறார். அது ஏன் அப்படி?

குறுக்குத்துறை

வாப்பா சொல்வது பெரும்பாலும் சரி தம்பி. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதை அம்மாவிடமிருந்துதான் வாங்குகிறது. அதில் ஆரஞ்சு இருந்தால் செவலை, இல்லாவிட்டால் கருப்பு வகை, இடைப்பட்டது கிடையாது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் ஆரஞ்சும் மற்றதில் இல்லாமலும் இருந்தால், உடலின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் அணைந்துவிடும். எது அணைகிறது என்பது கருவிலேயே தற்செயலாக நடக்கிறது. அணைந்த இடத்தைப் பொறுத்து அங்கங்கே கருப்பும் செம்மஞ்சளும். 1961இல் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எலிகளை வைத்து இதைச் சொன்னார். அதற்கு நம் கண்முன்னே திரியும் சாட்சி முக்கலர்ப் பூனை. வெள்ளையும் சேர்ந்திருந்தால் திட்டுகள் பெரிதாகப் பிரிந்து தெரியும்.

முழுச் செவலைப் பெட்டையும் உண்டு. அதற்கு இரண்டு எக்ஸிலும் ஆரஞ்சு வேண்டும், அதனால் குறைவு. முக்கலர்க் கடுவனும் எப்போதாவது பிறக்கும். அதற்குப் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கும், பொதுவாக மலடாகவே இருக்கும். இந்த ஆரஞ்சு மரபணு எது என்பதையே 2025இல்தான் உறுதியாக வெளியிட்டார்கள். ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியாக ஆராய்ந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்ற மரபணுவை ஒட்டி ஏறத்தாழ 5,000 எழுத்துகள் அளவுக்கு டிஎன்ஏ விடுபட்டிருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

குட்டி வாங்குகிறவர்களுக்கு இதில் நல்ல உபயோகம் இருக்கிறது. விற்கிறவர் கருப்பு அல்லது பிரவுன் டேபிப் பெட்டையைக் காட்டி "இதுதான் தாய்" என்கிறார், குட்டியோ செவலைக் கடுவன் என்றால் அது தாய் இல்லை. செவலைக் கடுவனின் சிவப்பு தாயிடமிருந்து மட்டுமே வர முடியும். அதேபோல் தகப்பன் செவலை என்றால் அதற்குப் பிறக்கும் பெட்டைகள் எல்லாவற்றிலும் சிவப்பு தெரிய வேண்டும். முழு வெள்ளைக் குட்டி மட்டும் விலக்கு, வெள்ளை எல்லாவற்றையும் மூடிவிடும்.

அம்பை படித்துறை (அம்பாசமுத்திரம்)

வரி பற்றிப் பேசும்போது ஒன்று. எங்கள் வீட்டுக் கருப்புப் பூனை காலை வெயிலில் படுத்திருந்தால் விலாவில் கோடு கோடாகத் தெரிகிறது. நிழலுக்கு வந்தால் காணோம். கருப்புப் பூனைக்கும் வரி உண்டா?

குறுக்குத்துறை

உண்டு அண்ணாச்சி, எல்லாப் பூனைக்கும் அடியில் ஒரு கோலம் இருக்கிறது. முடியில் மஞ்சள் பட்டை போடும் அகூட்டி மரபணு வேலை செய்யாவிட்டால் இடைவெளியும் கருப்பாகிவிடும், கோடு அதற்குள் மறைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கருஞ்சிறுத்தை இருக்கிறதே, அதற்கும் இதே மரபணுதான் காரணம். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் அதன் உடம்பிலும் பூவடிவப் புள்ளிகள் தெரியும்.

இந்தக் கருப்பும் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டிய குணம். வரிப்பூனை இரண்டு சேர்ந்து முழுக்கருப்புக் குட்டி போடலாம். முழுக்கருப்பு இரண்டு சேர்ந்து பிரவுன் டேபி போடாது. ஆனால் செம்மஞ்சள் நிறமியை இந்த மரபணு தொடுவதில்லை. அதனால்தான் எந்தச் செவலைப் பூனையைப் பார்த்தாலும் ஏதோ ஓர் இடத்தில் வரி இருக்கும்.

தென்காசிச் சாரல்

கருப்புப் பூனை குறுக்கே போனால் ஆகாது என்று சொல்லி, எங்கள் பக்கம் குட்டியிலேயே கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வரிப்பூனைக்குப் பிறந்த குட்டிதான் அது என்று அவர்களிடம் இனிமேல் சொல்வேன்.

நாங்குநேரி நண்பன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சைபீரியன் என்றால் பிரவுன் டேபி மட்டும்தான், மற்ற நிறமெல்லாம் பெர்சியனோடு கலந்தது என்று கேள்விப்பட்டேன். நம்ம ஊரில் சடை முடி இருந்தாலே சைபீரியன் என்று விற்கிறார்கள்.

குறுக்குத்துறை

இரண்டாவது வரியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், முதல் வரியை இல்லை. பிரவுன் டேபி அதிகம் என்பது உண்மை. ஆனால் ரஷ்யாவில் ஊர்ப்பூனையாகத் திரிந்த இனம் இது. 1980களின் கடைசியில்தான் அங்கே இதற்கென்று தரம் எழுதினார்கள், 1990இல்தான் அமெரிக்காவுக்கே போனது. ஊர்ப்பூனைக் கூட்டத்தில் இருக்கும் கருப்பு, சிவப்பு, ப்ளூ, சில்வர், வெள்ளைத் திட்டு எல்லாம் இதிலும் உண்டு. சாக்லேட், லைலாக் நிறங்களைத்தான் ஐரோப்பாவின் ஃபிஃபே என்ற பூனைப் பதிவு அமைப்பு ஏற்பதில்லை. ஆக நிறத்தை வைத்து இனத்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதற்குப் பரம்பரைச் சான்றிதழ் வேண்டும். உடல்வாகும் பார்க்கலாம். கனத்த எலும்பு, உருண்டு திரண்ட உடம்பு, பெர்சியன் போலச் சப்பையாக இல்லாத முகம், மூன்று அடுக்கு முடி. முழு வளர்ச்சிக்கு ஐந்து வயது வரைகூட ஆகும், குட்டியில் பார்த்து முடிவு செய்வது கஷ்டம்.

வண்ணார்பேட்டை வாசி

கோல வகைகளையும் சொல்லிவிடுங்கள் அண்ணே. சான்றிதழில் அதையும் கேட்பார்கள்.

குறுக்குத்துறை

முதுகெலும்பிலிருந்து விலாவுக்குக் கானாங்கெளுத்தி மீனின் வரி போல மெல்லிய கோடுகள் இறங்கினால் அது மேக்கரல். விலாவில் அகலமான சுழி, தோளில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு குறி இருந்தால் கிளாசிக். கோடு உடைந்து புள்ளியாக நின்றால் ஸ்பாட்டட். உடம்பில் கோடே இல்லாமல் தூவியது போல மட்டும் இருந்தால் டிக்டு, அபிசீனியன் பூனையில் அதிகம்.

மேக்கரலா கிளாசிக்கா என்பதை டாக்பெப் என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் 'கிங் சீட்டா' என்று முதுகில் பட்டைபட்டையாக இருக்கும் சிவிங்கிப்புலி உண்டு. அதற்குக் காரணமும் இதே மரபணுவில் வரும் மாற்றம். வீட்டுப்பூனையின் விலாச் சுழியும் சிவிங்கிப்புலியின் பட்டையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சைபீரியனில் சிக்கல் என்னவென்றால் முடி நீளம். வளர வளரக் கோலம் கலைந்து மங்கிவிடும். குட்டியாக இருக்கும்போதே இரண்டு விலாவையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிதான பிறகு கால், முகம், வால் இவற்றில்தான் தெளிவாகத் தெரியும்.

பாளை வரிப்பூனை

படம் போட்டிருக்கிறேன். குறுக்குத்துறை அண்ணே சொன்னபடி கழுத்து முடியைப் பிரித்துப் பார்த்தேன். தோலை ஒட்டி நல்ல வெள்ளை, பாதிக்கு மேல்தான் கருமை. காலிலும் அதேதான். மூக்கு செங்கல் நிறம், சுற்றிக் கருப்பு விளிம்பு இருக்கிறது. பாதத்து மெத்தை ரோஸ் நிறம். விலாவில் மெல்லிய கோடுகள். அப்படியென்றால் இது கோல்டன் இல்லையா?

குறுக்குத்துறை

இல்லை தாயி. உங்கள் குட்டி சில்வர் டேபி, வெள்ளைத் திட்டோடு. மேலே ஓடும் பழுப்பு, சில்வர் பூனைகள் பலவற்றில் வருவதுதான். மூக்கின் மேலும் முதுகிலும் அதிகம் தெரியும். போட்டியில் மதிப்பெண் குறைப்பார்கள், வீட்டில் வளர்க்க அது ஒரு குறையே இல்லை. விற்றவர் அந்தப் பழுப்பைத்தான் கோல்டன் என்று காட்டியிருக்க வேண்டும்.

மெத்தையை வைத்து ஏதும் சொல்ல முடியாது. பாதம் வெள்ளையாக இருந்தால் மெத்தை பெரும்பாலும் ரோஸாகத்தான் இருக்கும். வால் நுனியைப் பாருங்கள். கருகருவென்று இருக்கிறதா, சாம்பலாக இருக்கிறதா? கருப்பு என்றால் பிளாக் சில்வர், சாம்பல் என்றால் ப்ளூ சில்வர்.

சைபீரியனில் உண்மையான கோல்டன் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். ரஷ்யாவில் அதற்கு 'சன்ஷைன்' என்று பெயர். கோரின் என்ற மரபணுவில் வரும் மாற்றம் அது, 2021இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. முடியில் மஞ்சள் பட்டை அகன்று, கருப்பு நுனிக்கு ஒதுங்கிவிடும். மூக்கைச் சுற்றிக் கருப்பு விளிம்பு இருக்காது, அல்லது மிகவும் மங்கியிருக்கும். ஆனால் வால் நுனி கருப்பாகவே நிற்கும். சாதாரணச் செவலையைக் கோல்டன் என்று விற்பதை அந்த வால் நுனி காட்டிக்கொடுத்துவிடும். செவலைப் பூனையில் கருப்பு முடிக்கு இடமே இல்லை. சன்ஷைனும் அப்பா அம்மா இருவரும் சுமந்திருந்தால்தான் வரும்.

சில்வர் அப்படியில்லை. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஆனால் அந்த ஒருவர் சில்வராக இருந்தாக வேண்டும். உங்கள் குட்டியின் அம்மா "சாம்பல்" என்றீர்களே, அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். கோடு கருப்பாகவும் இடைவெளி வெள்ளியாகவும் இருந்தால் சில்வர். கோடும் சாம்பல், இடைவெளியும் சாம்பல் கலந்த மஞ்சள் என்றால் ப்ளூ டேபி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

பாளை வரிப்பூனை

வால் நுனி கருகருவென்று இருக்கிறது. அம்மாவின் கோடும் கருப்புத்தான், இடைவெளி வெள்ளி மாதிரி. இப்போது எல்லாம் ஒத்துவருகிறது.

நாங்குநேரி நண்பன்

அரிய நிறத்துக்குக் கூடுதல் காசு வாங்குவதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். மாட்டுச் சந்தையிலும் நிறம் பார்த்துத்தான் விலை. ஆனால் இல்லாத நிறத்துக்குக் காசு வாங்கியது தப்பு.

குறுக்குத்துறை

எனக்கு அதில் உடன்பாடு இல்லை அண்ணாச்சி. நிறத்துக்குக் காசு என்று ஆரம்பித்தால், அந்த நிறம் வர வேண்டும் என்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ப்பார்கள். இந்த இனத்தில் இதயத் தசை தடிக்கும் நோய் இருக்கிறது. காசு கொடுப்பதென்றால், தாய் தகப்பனுக்கு இதய ஸ்கேன் எடுத்த காகிதத்தைக் காட்டுகிறவருக்குக் கொடுக்கலாம். சன்ஷைனாக இருந்தாலும் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வாங்க மாட்டேன்.

தென்காசிச் சாரல்

என் தங்கை வீட்டில் இருப்பது உடம்பு க்ரீம், முகமும் காதும் வாலும் கருமை, கண் நீலம். சைபீரியன் என்றுதான் காகிதம் சொல்கிறது. பார்த்தால் சயாமீஸ் மாதிரி இருக்கிறதே?

குறுக்குத்துறை

அதற்கு நேவா மாஸ்கரேட் என்று பெயர். நேவா என்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓடும் ஆறு. அமெரிக்காவின் சிஎஃப்ஏ என்ற பூனைப் பதிவு அமைப்பு அதைச் சைபீரியனாகவே எடுத்துக்கொள்கிறது, ஃபிஃபே தனி இனமாக வைத்திருக்கிறது. காகிதம் எந்த அமைப்புடையது என்று பாருங்கள்.

நிறமி உண்டாக்கும் நொதி அதற்குச் சூட்டில் வேலை செய்யாது. உடம்பு சூடாக இருக்கும் இடமெல்லாம் வெளுப்பு. காது, மூக்கு, பாதம், வால் மாதிரிக் குளிர்ந்த இடங்களில் கருமை. தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வருவதால் குட்டி பிறக்கும்போது முழு வெள்ளை. அறுவை சிகிச்சைக்குச் சிரைத்த இடத்தில் தோல் குளிர்வதால் அங்கே முடி கருமையாக வளரும், அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும்போது சரியாகிவிடும். வெயில் நிறத்தை மாற்றுமா என்ற பாளைக் கேள்விக்கு நேவாவைப் பொறுத்தவரை "ஆம்". நம்ம ஊரில் வளர்வதன் உடம்பு வெளுப்பாக இருக்கும். ராத்திரி பகலாக ஏசி அறையிலேயே கிடப்பது கொஞ்சம் கருக்கும்.

மற்றச் சைபீரியன்களுக்கு இந்தச் சங்கதி கிடையாது. கருப்பு முடி வெயிலில் காய்ந்து செம்பட்டை அடிக்கும், அவ்வளவுதான். அதுவே அளவுக்கு மீறிச் செம்பட்டையானால் சாப்பாட்டில் புரதம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் கருப்பு முடி சிவக்கும். வெறும் பால்சோறு போட்டு வளர்க்கிற வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலப்பாளையம் ஆரஞ்சு

அண்ணே, முழு வெள்ளைப் பூனைக்குக் காது கேட்காது என்பது?

குறுக்குத்துறை

எல்லா வெள்ளைக்கும் இல்லை. முழு வெள்ளையோடு கண்ணும் நீலமாக இருந்தால் செவிடாக இருக்கும் வாய்ப்பு அதிகம். நிறமிச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராததுதான் காரணம். தூங்காத நேரத்தில் பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது திரும்புகிறதா என்று பாருங்கள். தென்காசி அக்காவின் நேவாவுக்குக் கண் நீலமாக இருப்பது வேறு வழி, அதற்கும் செவிட்டுக்கும் தொடர்பில்லை.

ராமையன்பட்டி பக்கம்

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் சடை முடிப் பூனையைக் கொண்டுவந்து ஒட்ட மழிக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். தோல் வெயிலில் நேராகப் படும். சைபீரியனின் உள்முடியைத் தினமும் சீவி எடுத்தாலே போதும். சிமெண்ட் தரை, மின்விசிறி, தண்ணீர்க் கிண்ணம் நாலு இடத்தில். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பாளை வரிப்பூனை

மிகவும் நன்றி. விற்றவரிடம் பேசினேன். வேர் முடியின் படத்தையும் வால் நுனிப் படத்தையும் அனுப்பிய பிறகு, சான்றிதழில் திருத்திக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். கூடுதலாக வாங்கிய காசைப் பற்றி இன்னும் பதில் இல்லை, விடப்போவதில்லை. படிவத்தில் என்ன எழுத? மரபணுச் சோதனையும் செய்ய வேண்டுமா?

குறுக்குத்துறை

"பிளாக் சில்வர் மேக்கரல் டேபி வித் ஒயிட்" என்று எழுதுங்கள். ஃபிஃபே படிவமாக இருந்தால் குறியீடு கேட்பார்கள்: என்எஸ் 09 23. என் என்பது கருப்பு, எஸ் சில்வர், 09 வெள்ளைத் திட்டு, 23 மேக்கரல். விலாப் படம் இரண்டையும் கூட இணைத்துவிடுங்கள்.

சோதனை இப்போது தேவையில்லை. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால், கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் நிற மரபணுக்களைப் பார்த்துச் சொல்வார்கள். குட்டி போட வைக்கிறவர்களுக்கு அது உதவும். நீங்கள் கருத்தடை செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தக் காசில் இதய ஸ்கேன் எடுங்கள்.

பாளை வரிப்பூனை

கருத்தடைதான் அண்ணே. ஸ்கேனுக்கு ராமையன்பட்டியில் கேட்டுப் பார்க்கிறேன்.